கையொப்பத்தின் எடை

உரைநடை உலகம்

நுழையும்முன்

வீடு, பாலம், மின்பாதை, மின்தூக்கி, கொதிகலன் எனப் பொறியியல் படைத்த பொருள்களுக்கு நடுவிலேயே மனித வாழ்வு நடைபெறுகிறது. அவற்றை உருவாக்குவோர்க்குக் கல்லூரிப் பட்டம் மட்டும் போதுமா? கற்றுத் தேர்வதற்கும் பொறுப்பேற்பதற்கும் இடையே எவ்வளவு தொலைவு உள்ளது? பொறியாளர்க்குத் தொழில் உரிமம் வழங்கும் முறை உலகில் தோன்றிய வரலாற்றையும், தமிழ்நாட்டில் அதன் இன்றைய நிலையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

எல்லையோர ஊரில் ஒரு வீடு

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வடக்கே, தமிழ்நாடு, கருநாடகம், ஆந்திரம் ஆகிய மூன்று மாநில எல்லைகளும் நெருங்கி வரும் பகுதியில் வேப்பனப்பள்ளி அமைந்துள்ளது. இங்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று மொழிகளையும் கேட்கலாம். மாந்தோப்புகளும் கருங்கற்பாறைகளும் நிறைந்தது இவ்வட்டாரம். ஓசூரில் சிப்காட் தொழில் வளாகம் வளர்ந்தபின் இம்மாவட்டத்தின் வாழ்க்கைமுறை மாறியது. தொழிற்சாலை ஊதியம் சிற்றூர்களுக்குள் வந்தது. ஓட்டு வீடுகள் இருந்த இடங்களில் காங்கிரீட் வீடுகள் எழுந்தன.

இத்தகைய ஊரில் ஒரு குடும்பம் வீடு கட்ட முனைகிறது என்று கொள்வோம். தொழிற்சாலையில் பணிபுரியும் மகனின் சேமிப்பும் மாங்காய் விற்ற பணமும் வங்கிக் கடனும் அதற்கு முதல். மனையின் வடகிழக்கு மூலையில் ஒரு கிணறு இருந்தது. நீர் வற்றியதால் தாத்தா காலத்திலேயே அதனைத் தூர்த்துவிட்டார்கள். இச்செய்தி பாட்டிக்கும் அண்டை வீட்டாருக்கும் தெரியும், வரைபடத்துக்குத் தெரியாது.

வரைபடம் வந்ததும் வீட்டார் அனைவரும் அதனைச் சூழ்ந்து நின்று பார்க்கின்றனர். சமையலறை எத்திசையில் உள்ளது? படுக்கையறை எத்தனை அடி? மாடிப்படி உள்ளே வருமா, வெளியே வருமா? இவையெல்லாம் ஆராயப்படுகின்றன. தாளின் கீழ்மூலையில் ஒரு பொறியாளரின் கையொப்பமும் பதிவு எண்ணும் உள்ளன. அவற்றை எவரும் உற்று நோக்குவதில்லை. அக்கையொப்பம் இட்டவர் அம்மனையைக் கண்ணால் கண்டவரா என்னும் வினாவும் எழுவதில்லை. உண்மையில் அவ்வீட்டின் பாதுகாப்பு, தாளின் நடுவில் உள்ள அறைகளைவிடக் கீழ்மூலையில் உள்ள கையொப்பத்தையே பெரிதும் சார்ந்துள்ளது.

பட்டமும் உரிமமும்

பட்டம் என்பது ஒருவர் ஒரு துறையைக் கற்றார் என்பதற்குப் பல்கலைக்கழகம் அளிக்கும் சான்று. உரிமம் என்பது அக்கல்வியைக் கொண்டு பொதுமக்களுக்குப் பணியாற்ற அவர் தகுதியுடையவர் என்று சட்டம் அளிக்கும் இசைவு. பட்டம் கடந்த காலத்தைப் பற்றிப் பேசுகிறது; உரிமமோ இனி நிகழவிருப்பதற்குப் பொறுப்பேற்கிறது. தவறிழைத்தாலும் பட்டம் பொதுவாகப் பறிபோவதில்லை, உரிமம் பறிபோகும். இவ்வேறுபாட்டில்தான் உரிமத்தின் பயன் அடங்கியுள்ளது.

மருத்துவம் பயின்றவர் மருத்துவ மன்றத்தில் பதிவு செய்த பின்னரே நோயாளிக்கு மருந்து எழுத இயலும். சட்டம் பயின்றவர் 1961 ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டத்தின்படிப் பதிவு பெற்ற பின்னரே வழக்குரைஞராகத் தொழில் நடத்த இயலும். பட்டயக் கணக்கருக்கு 1949 ஆம் ஆண்டிலும், கட்டடக்கலைஞருக்கு 1972 ஆம் ஆண்டிலும் நாடு முழுமைக்குமான தனிச்சட்டங்கள் இயற்றப்பட்டன. பொறியாளர்க்கும் அத்தகைய மையச் சட்டம் வேண்டும் என்னும் கருத்து நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருகிறது. எனினும், பொறியாளர் அனைவரையும் ஒரே பதிவேட்டில் கொண்டுவரும் ஏற்பாடு அத்துறைகளில் அமைந்ததுபோல் இங்கு அமையவில்லை. அதனால், நம் நாட்டில் பொறியாளரின் உரிமம் ஒரே வாயிலைக் கொண்டதாக இல்லை; துறைக்கும் மாநிலத்துக்கும் ஏற்பப் பல வாயில்களைக் கொண்டதாக உள்ளது.

முன்னோர் சிந்தனை

கட்டுபவரின் பொறுப்பைப் பற்றிய எண்ணம் மிகப் பழைமையானது. ஏறத்தாழ 3,750 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனியாவை ஆண்ட ஹமுராபியின் சட்டத்தொகுப்பு, வீடு இடிந்து அதன் உரிமையாளர் இறந்தால் கட்டியவருக்கு மரண தண்டனை என்று விதித்தது. அச்சத்தால் தரத்தைக் காக்க முயன்ற சட்டம் அது.

தமிழ் மரபு வேறொரு வழியைக் காட்டுகிறது. தகுதியை முன்னரே ஆராய வேண்டும் என்பது அவ்வழி. திருக்குறளில் ‘தெரிந்துதெளிதல்’, ‘தெரிந்துவினையாடல்’ என்னும் இரு அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஒருவரை ஆராய்ந்து நம்புவது முதற்படி. அவருக்கு ஏற்ற வினையை ஆராய்ந்து ஒப்படைப்பது அடுத்த படி. பத்துப்பாட்டுள் ஒன்றான நெடுநல்வாடை, நண்பகலில் நிழல் கொண்டு திசையறிந்து, கயிறிட்டு அளந்து அரண்மனைக்கு மனை வகுத்த நூல் வல்லோரைக் காட்டுகிறது. தஞ்சைப் பெரிய கோவிலின் கல்வெட்டு, குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. வரைபடத்தின் மூலையில் இடப்படும் இன்றைய கையொப்பத்துக்குக் கல்லில் பொறிக்கப்பட்ட அப்பெயரை ஒரு முன்னோடி எனலாம்.

விபத்துகள் எழுதிய சட்டங்கள்

தொழில் உரிமச் சட்டங்கள் பெரும்பாலும் அமைதியான காலத்தில் தோன்றியவை அல்ல. ஏதேனும் ஒரு பேரிழப்புக்குப் பின்னரே அவை எழுதப்பட்டன. 1863 ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஒரு நீராவிக் கொதிகலன் வெடித்து உயிர்கள் பலியாயின. அடுத்த ஆண்டே வங்காளத்தில் கொதிகலன்களை ஆய்வு செய்வதற்கான சட்டம் பிறந்தது. இந்தியாவில் கொதிகலன் பாதுகாப்பின் வரலாறு அங்கிருந்தே தொடங்குகிறது.

அமெரிக்க மாநிலங்களுள் பொறியாளர் உரிமச் சட்டத்தை முதன்முதலில் இயற்றியது வயோமிங். ஆண்டு 1907. அங்கு நீர்ப்பாசன உரிமை கோரியவர்கள் அளித்த நிலப்படங்களில், பொறியியல் அறியாதவர்களும் பொறியாளர் என்று கையொப்பமிட்டு வந்தனர். தவறான படம் ஒருவரது வாய்க்கால் நீரை மற்றொருவருக்கு உரியதாக்கிவிடும். தகுதியில்லாத கையொப்பமே அச்சட்டத்துக்குக் காரணமாயிற்று.

டெக்சாஸ் மாநிலத்தின் நியூ லண்டன் என்னும் ஊரில் 1937 மார்ச் 18 அன்று ஒரு பள்ளிக்கூடம் எரிவாயுக் கசிவால் வெடித்துச் சிதறியது. மாணவரும் ஆசிரியருமாக ஏறத்தாழ 300 பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டிலேயே அம்மாநிலம் பொறியாளர் பதிவுச் சட்டத்தை நிறைவேற்றியது.

தமிழர் மிகுதியாக வாழும் சிங்கப்பூர் தரும் பாடம் இவற்றினும் நுட்பமானது. 1986 மார்ச் 15 அன்று அங்கே ‘ஓட்டல் நியூ வேர்ல்டு’ என்னும் ஆறுமாடிக் கட்டடம் ஒரு நிமிடத்துக்குள் சரிந்து விழுந்தது. 33 பேர் இறந்தனர். வாயு வெடித்திருக்குமோ, அருகில் தோண்டப்பட்ட சுரங்கப்பாதை காரணமோ என்றெல்லாம் முதலில் ஐயுற்றனர். விசாரணை வெளிப்படுத்திய காரணமோ எளியது. கட்டடம் தாங்க வேண்டிய சுமை இருவகைப்படும். மனிதர், அறைகலன் போன்றவை மாறுசுமை. தூண், உத்திரம், தளம், சுவர் ஆகிய கட்டடத்தின் சொந்த எடை நிலைச்சுமை. அக்கட்டடத்தின் கணக்கீட்டில் மாறுசுமை சேர்க்கப்பட்டிருந்தது, நிலைச்சுமை விடுபட்டிருந்தது. தன் எடையையே கணக்கில் கொள்ளாத கட்டடம் பதினைந்து ஆண்டுகள் நின்று, பின் வீழ்ந்தது.

அதன்பின் 1989 ஆம் ஆண்டில் சிங்கப்பூர் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை இயற்றியது. ஒரு பொறியாளர் செய்த கட்டமைப்புக் கணக்கீட்டைத் தொடர்பில்லாத மற்றொரு தகுதிபெற்ற பொறியாளர் சரிபார்க்க வேண்டும் என்னும் முறை அதனால் வந்தது. வல்லுநரும் தவறக்கூடும் என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. அத்தவறு ஒரு தாளிலேயே பிடிபட வேண்டும்; தளம் சரிந்தபின் அன்று என்பதே அம்முறையின் நோக்கம்.

தெரியுமா?

சமையல் எரிவாயு கசிந்தால் அதன் நெடியால் உடனே அறிந்துகொள்கிறோம். அந்நெடி எரிவாயுவின் இயல்பான மணம் அன்று. எச்சரிக்கைக்காகக் கந்தகச் சேர்மம் ஒன்று அதில் கலக்கப்படுகிறது. மணமற்ற வாயுவால் நேர்ந்த 1937 நியூ லண்டன் பள்ளி விபத்துக்குப் பிறகே, எரிவாயுவில் நெடிப்பொருள் கலப்பது டெக்சாசில் கட்டாயமாக்கப்பட்டது. பின்னர்ப் பிற பகுதிகளுக்கும் பரவியது.

மவுலிவாக்கம் கற்பித்தது

சென்னை போரூரை அடுத்த மவுலிவாக்கத்தில், 2014 ஜூன் 28 அன்று மாலை, மழை பெய்துகொண்டிருந்த வேளையில், கட்டுமானத்தில் இருந்த பதினொரு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. 61 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் மிகப் பலர் ஆந்திரம், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்கள். அவ்வீடுகளுள் ஒன்றிலும் குடியிருக்கப்போகாதவர்கள் அவற்றுக்காக உயிர் கொடுத்தனர். கட்டமைப்பு வடிவமைப்பில் குறைகள் இருந்ததை வல்லுநர் ஆய்வுகள் சுட்டின. நீதியரசர் ரெகுபதி தலைமையில் விசாரணை ஆணையமும் அமைக்கப்பட்டது. அதே வளாகத்தில் நின்ற மற்றொரு கட்டடம் பாதுகாப்பற்றது எனக் கண்டு, 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

இந்நிகழ்வுக்குப்பின் கட்டட அனுமதி முறையைச் சீர்செய்யும் தேவை வலுப்பெற்றது. மாநிலம் முழுமைக்கும் பொதுவான ‘தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்’ 2019 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தன. பொறியாளர் என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிக் கிடந்த பொறுப்புகளை இவ்விதிகள் பிரித்து வகுத்தன. வரைபடம் தயாரிப்பவர், தூண் உத்திரங்களின் வலிமையைக் கணக்கிடும் கட்டமைப்புப் பொறியாளர், மண்ணின் தாங்குதிறனை ஆய்பவர், களத்தில் நின்று கட்டுமானத்தை நடத்துபவர், தரத்தைத் தணிக்கை செய்பவர் என ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பதிவு வகுக்கப்பட்டது. ஒவ்வொரு பதிவுக்கும் கல்வித் தகுதியும் பணியறிவும் வரையறுக்கப்பட்டன. கடமை தவறுவோர் மீது நடவடிக்கை எடுக்கவும் வழி வகுக்கப்பட்டது.

சிறிய வீடுகளுக்கு அனுமதி பெறும் முறை இன்று மேலும் எளிதாகியுள்ளது. 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில், 3,500 சதுர அடிக்கு மேற்படாத, தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீட்டுக்குத் தற்சான்று அடிப்படையில் இணையவழியே உடனடி அனுமதி பெறும் திட்டம் 2024 ஜூலையில் தொடங்கப்பட்டது. முன்னாய்வுக்காகக் காத்திருக்கும் துன்பம் இதனால் நீங்கியது. ஆனால், ஆய்வாளரின் கண் விலகும் இடத்தில் கட்டுவோரின் மனச்சான்றும் கட்டுவிப்போரின் விழிப்பும் வந்து நிற்க வேண்டும். அனுமதி விரைவாகக் கிடைப்பதனால் மண் உறுதியாகிவிடுவதில்லை.

உரிமத்தின் படிகள்

சிங்கப்பூரிலும் அமெரிக்க மாநிலங்களிலும் தொழில்முறைப் பொறியாளர் ஆவதற்கான வழி ஏறத்தாழ ஒன்றே. ஏற்புடைய பட்டம் பெற வேண்டும்; அடிப்படைப் பொறியியல் தேர்வில் வெல்ல வேண்டும்; பொதுவாக நான்கு ஆண்டுகள் பணியறிவு பெற வேண்டும்; அதன்பின் தொழில்முறைத் தேர்வு எழுத வேண்டும். கல்லூரியில் நான்கு ஆண்டுகள், களத்தில் நான்கு ஆண்டுகள் என இருவகைக் கல்வியும் சேர்ந்தே ஒருவரைப் பொறியாளராக்குகின்றன. இலங்கையில் 2017 ஆம் ஆண்டின் பொறியியல் மன்றச் சட்டம், பொறியியல் தொழில் புரிவோர் பதிவு பெறுவதைக் கட்டாயமாக்கியது.

இந்தியாவில் இப்பணியைத் தொழில்முறை அமைப்பு ஒன்று நெடுங்காலமாக ஆற்றி வருகிறது. 1920 ஆம் ஆண்டில் சென்னையில் பதிவு செய்யப்பட்ட இந்தியப் பொறியாளர் நிறுவனம், இன்று கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டது. 1935 ஆம் ஆண்டில் அதற்கு அரச சாசனம் கிடைத்தது. தகுதியும் பணியறிவும் உடைய தன் உறுப்பினர்க்கு அது ‘பட்டயப் பொறியாளர்’ என்னும் தகுதியை வழங்குகிறது. பாலிடெக்னிக்கில் பெறும் பட்டயப் படிப்பையும் பட்டயப் பொறியாளர் தகுதியையும் ஒன்றெனக் கருதக் கூடாது. முன்னது கல்விச் சான்று. பின்னது தொழில்முறை ஏற்பு. கல்லூரிக்குச் செல்ல இயலாது தொழிற்சாலையில் பணிபுரிந்தவாறே பயின்ற பலருக்கு, இந்நிறுவனம் நடத்திய ‘ஏ’, ‘பி’ பிரிவுத் தேர்வுகள் பல பத்தாண்டுகள் பொறியியல் பட்டத்துக்கு நிகரான தகுதியைப் பெற்றுத் தந்தன.

மின்துறையில் உரிம முறை இன்னும் தெளிவானது. தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியம், மின்கம்பியாளருக்கும் மின் மேற்பார்வையாளருக்கும் தகுதிச் சான்று வழங்குகிறது; மின் ஒப்பந்ததாரர்க்கு உரிமம் அளிக்கிறது. உயரழுத்த மின்சாரம் பயன்படும் தொழிற்சாலையில் மின் ஆய்வுத்துறையின் இசைவும் தேவை. ஓசூர்த் தொழிற்கூடம் ஒன்றில் மின்விசையை அழுத்தும் தொழிலாளி இவ்வாரியத்தின் பெயரைக் கேள்விப்படாமல் இருக்கலாம். அவர் மாலையில் நலமாக வீடு திரும்புவதில் அதற்கும் பங்குண்டு.

தெரிந்து தெளிவோம்

1919 ஆம் ஆண்டு சென்னையில் பிறந்த அ. லலிதா, இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களுள் ஒருவர். இளம் வயதிலேயே கணவரை இழந்து, கைக்குழந்தையுடன் கல்வியைத் தொடர்ந்தார். கிண்டிப் பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பயின்றார். ஆண்களுக்கென்றே அச்சிடப்பட்டிருந்த சான்றிதழில் ‘அவன்’ என்னும் பொருள்படும் சொல்லை அடித்து, ‘அவள்’ எனக் கையால் எழுதி அவருக்கு வழங்கினர். ஜமால்பூர் இரயில்வே பணிமனையில் ஓராண்டு செயல்முறைப் பயிற்சி பெற்றார். இலண்டன் மின்பொறியாளர் நிறுவனம் 1953 இல் அவரை இணை உறுப்பினராகவும் 1966 இல் முழு உறுப்பினராகவும் ஏற்றது. பட்டம் பெற்றபின்னும் தகுதியைத் தொடர்ந்து உயர்த்திக்கொள்ள வேண்டும் என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

எல்லை தாண்டாத கையொப்பம்

வேப்பனப்பள்ளிப் பகுதி மாணவர் ஒருவர் 1994 இல் தொடங்கப்பட்ட பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் பயின்று கட்டடப் பொறியாளர் ஆகலாம். தமிழ்நாட்டு விதிகளின்படிப் பதிவும் பெறலாம். ஆயினும், சில கல் தொலைவில் எல்லைக்கு அப்பால் ஒரு வீட்டுக்கு வரைபடம் அளிக்க வேண்டுமெனில், அம்மாநிலத்தின் விதிகளையும் பதிவு முறையையும் அவர் பின்பற்ற வேண்டும். கட்டட விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. கட்டடக்கலைஞரின் பதிவோ மையச் சட்டத்தின் கீழ் அமைந்ததால் நாடு முழுதும் செல்லுபடியாகிறது.

எல்லையின் இருபுறமும் ஒரே பாறை, ஒரே மழை, உத்திரத்தை அழுத்தும் எடையும் ஒன்றே. அறிவியல் எல்லை அறியாது. உரிமம் எல்லை அறிந்தது. மைய ஏற்பாடு வேண்டும் என்போர் இம்முரணையே சுட்டுகின்றனர். மண்ணும் தட்பவெப்பமும் ஊர்தோறும் மாறுவதால் உள்ளூர் விதிகளை அறிந்தவரே அங்குக் கையொப்பமிட வேண்டும் என்போரின் கருத்திலும் பொருள் உண்டு. தகுதியை நாடு முழுதும் ஒரே அளவால் மதிப்பிட்டு, உள்ளூர் விதியறிவைத் தனியே உறுதி செய்வது இரு கருத்துகளையும் இணைக்கும் வழியாக அமையும்.

கையொப்பமிட மறுக்கும் உரிமை

உரிமம் பெற்றவர்க்குக் கையொப்பமிடும் அதிகாரம் கிடைக்கிறது. அதனினும் பெரிய அதிகாரம் ஒன்றும் உடன் கிடைக்கிறது. அது, கையொப்பமிட மறுக்கும் அதிகாரம். பதிவு பெற்ற ஒருவர், தாம் வரையாத படத்துக்கும் தாம் காணாத மனைக்கும் தொகை பெற்றுக்கொண்டு கையொப்பம் அளித்தால், அவர் தம் பெயரை வாடகைக்கு விடுகிறார். அப்பெயரை நம்பி அக்கூரையின் கீழ் உறங்குவோர் அதனை அறியார். உரிமச் சட்டம் எவ்வளவு நுட்பமாக எழுதப்பட்டாலும் இந்த ஓர் ஓட்டை வழியே அதன் பயன் முழுதும் வடிந்துவிடும்.

வேப்பனப்பள்ளி வீட்டுக்கு மீண்டும் வருவோம். பொறுப்புணர்ந்த பொறியாளர் ஒருவர் கையொப்பமிடும் முன் மனையைக் காண வருகிறார். கொத்தனாரிடம் பேசுகிறார், பாட்டியிடமும் பேசுகிறார். பேச்சினிடையே தூர்த்த கிணறு வெளிப்படுகிறது. அம்மூலையில்தான் மாடியைத் தாங்கும் தூண் ஒன்று வரவிருக்கிறது. நிரப்பிய மண் எடை ஏற ஏற அமிழும். பக்கத்து மண் அமிழாது. ஒரு தூண் மட்டும் இறங்கினால் உத்திரம் விரிசல் காணும். பள்ளம் தோண்டிப் பார்க்காமலும் அடித்தளத்தை மாற்றி அமைக்காமலும் கையொப்பமிட இயலாது என்று அவர் கூறுகிறார்.

குடும்பத்தார் மனம் வருந்துகின்றனர். நாள் தள்ளிப்போகிறது, செலவு கூடுகிறது. வேறொருவரிடம் சென்றால் அன்றே கையொப்பம் கிடைக்கும் என்று அறிவுரை கூறுவோரும் உள்ளனர். அந்நேரத்தில் பொறியாளரை நிலைநிறுத்துவது எது? தேர்வில் பெற்ற மதிப்பெண் அன்று. தவறான கையொப்பம் தம் பதிவைப் பறிக்கும் என்னும் சட்ட அச்சம் ஓரளவு துணை நிற்கும். அதனினும் உறுதியானது, அத்தளத்தின் மேல் காயவைத்த மிளகாயை அள்ள ஏறப்போகும் பாட்டியின் முகம் அவர் மனத்தில் இருப்பது.

அப்பள்ளம் தோண்டப்பட்டு, அடித்தளம் திருத்தப்பட்டு, வீடு எழுந்தபின் அதில் எவ்வேறுபாடும் கண்ணுக்குத் தெரியாது. நல்ல பொறியாளரின் வெற்றி, நிகழாமற்போன விபத்து. அதற்குப் பாராட்டு விழா எடுப்பார் இல்லை. அவ்வீட்டில் அடுத்த தலைமுறை அச்சமின்றி உறங்குவதே அவருக்குக் கிடைக்கும் நன்றி.

நாளைய பொறியாளராக விரும்பும் மாணவர், எக்கல்லூரியில் இடம் கிடைக்கும் என்று எண்ணுவதோடு நின்றுவிடக் கூடாது. தம் பெயரை எழுதும்போது எத்தனை உயிர்களின் எடை அதில் ஏறுகிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தன் எடையைக் கணக்கில் கொள்ளாத கட்டடம் நிலைக்காது. தன் கையொப்பத்தின் எடையை அறியாத பொறியாளரும் அத்தகையவரே.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீடு அல்லது பள்ளிக் கட்டடத்தின் வரைபடத்தைப் பெற்று, அதில் கையொப்பமிட்டவர்கள் யார், அவர்களின் பொறுப்பு என்ன என்பதைக் கேட்டறிந்து எழுதுக.

2. உங்கள் பகுதியில் தூர்க்கப்பட்ட கிணறு, குளம் ஆகியவற்றை முதியோரிடம் கேட்டறிந்து ஊர்ப்படம் ஒன்றில் குறிக்க.

3. ‘பொறியாளர்க்கு நாடு முழுமைக்கும் ஒரே உரிமம் வேண்டும்’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

குறுவினா

1. பட்டம், உரிமம் – வேறுபடுத்துக.

2. நிலைச்சுமை, மாறுசுமை என்பன யாவை?

3. பட்டயப் படிப்பும் பட்டயப் பொறியாளர் தகுதியும் எவ்வாறு வேறுபடுகின்றன?

சிறுவினா

1. ‘தொழில் உரிமச் சட்டங்கள் பெரும்பாலும் அமைதியான காலத்தில் தோன்றியவை அல்ல’ – சான்று காட்டி விளக்குக.

2. எல்லையோரப் பொறியாளர் எதிர்கொள்ளும் முரண் யாது? அதனைத் தீர்க்கும் வழியைக் கூறுக.

நெடுவினா

‘கையொப்பமிட மறுப்பதும் பொறியாளரின் கடமையே’ என்னும் கருத்தைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.